நடராசாவின் கல்தொட்டி

மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்காக இறங்குதுறையில் நின்றபோதுதான் சாவுச் செய்தி வந்தது. சாம்பல்தீவு மீன்காரர் ஒருவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "உங்கட கூட்டாளி நடராசா விடியப்புறம் மோசம் போயிட்டார்" என்றார். லோஞ்சு வந்தது, போனது. நான் ஏறவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, வாசிகசாலைக்காரர் எழுதுகிறார். நடராசாவை அறிந்தவர்கள் அவரைக் கல்லில் தக்காளி காய்க்க வைத்த மனிதர் என்பார்கள். அந்தக் கல்லை அவர் எதற்காகத் தேடினார் என்பதைத்தான் சொல்லவேண்டும்.

வெள்ளைக்காரர் துறைமுகத்தில் இருந்த காலத்தில் அவர்களுடைய தோட்டத்தில் இருவரும் வேலை செய்தோம். அங்கே மண் கிடையாது. சீமெந்துத் தொட்டி நிறையக் கல். உரம் கரைத்த தண்ணீர் அடியிலிருந்து ஏறி வேரை நனைத்துவிட்டு வடிந்துவிடும். நான் கல் கழுவினேன். அவர் பம்ப் பார்த்தார். புதுக் கல் வந்தால் வினாகிரி என்கிற புளிக்காடியை விட்டுப் பார்ப்போம். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், செடிக்கு ஆகாது.

அவர்கள் போனார்கள், எங்கள் வேலையும் போனது. அந்த மாரியில் நடராசாவின் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்தது. கடற்கரை மணலில் புதைத்தோம். மனைவி பூரணம் மூதூருக்கு அப்பால் கிளிவெட்டிக்காரி, வயல் பார்த்து வளர்ந்தவள். இவருடைய வீட்டு வளவோ கடலோரம். கத்தரிக்கன்று கூட உப்பில் கருகிவிடும். "உங்கட மண்ணில நான் வைச்ச ஒண்டும் நிக்கேல்லை" என்று சொல்லிவிட்டுத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

"பச்சையா ஒண்டு காய்ச்சுதெண்டால் வந்திடுவாள், மச்சான்" என்றார் அவர்.

துறைமுகத் தோட்டத்தில் இருந்ததுபோல வளவில் ஒரு தொட்டி கட்டினார். பம்புக்கு எங்கே போவது? தொட்டியின் அடியில் றப்பர் குழாயைப் பொருத்தி, மறுமுனையை ஒரு வாளியில் பூட்டி, வாளியைக் கப்பியில் தொங்கவிட்டார். வாளி மேலே போனால் தண்ணீர் தொட்டிக்குள் ஏறும். இறக்கினால் வாளிக்கே திரும்பும். "வேர் குடிக்கவும் வேணும், மூச்சு விடவும் வேணும்" என்பார்.

தொட்டிக்குள் முதலில் தேங்காய்த் தும்பு போட்டார். தும்பு ஈரத்தை விடவில்லை, வேர் அழுகியது. மணல் குழாயை அடைத்தது. பிறகு கடற்கரையில் கிடந்த வெள்ளைக் கல்லை, சிப்பியும் பவளமும் உடைந்த துண்டுகளை, அள்ளிவந்தார். வினாகிரி விட்டேன், பொங்கியது.

"உது கடல் உப்பு, மச்சான். கழுவினால் போயிடும்" என்றார்.

"உப்பு எங்க நுரைக்கிறது? உமக்குத் தெரியாததோ?"

"உமக்கென்ன, பெண்சாதி குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிக்கிறா."

நான் போத்தலை மூடி வைத்தேன். மழைத்தண்ணீரைப் பிடித்துப் பிடித்துக் கழுவினார். அது சுண்ணாம்புக் கல் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கல் வாசலில் கிடந்தது. அவருக்குப் பொறுமை இல்லை. கன்றுகள் எழும்பின, இலை மஞ்சளித்தது, அப்படியே நின்றுவிட்டன.

கடைசியில் அவளைக் கூப்பிடக் கிளிவெட்டிக்கே போனார். அவள் வரவில்லை. திரும்பும்போது அந்த ஊர் ஆற்றில் கடலைப் பருமன் கற்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார். வினாகிரி விட்டோம்; கல் சும்மா கிடந்தது. அதில் தக்காளி காய்த்தது. முதல் பழங்களை என் கையில் கொடுத்து அனுப்பினார்.

பூரணம் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தாள். "கல்லு எங்கட ஆத்துக் கல்லு. உரம் கடை உரம். அந்த மண் என்னத்தைத் தந்தது, அண்ணை? எண்ட பிள்ளையை எடுத்ததுதானே?"

வந்து அப்படியே சொன்னேன்.

"அவள் சொல்லுறது சரி" என்றார் நடராசா. வாளியை ஏற்றினார்.

பிறகு அவளைக் கூப்பிடப் போகவில்லை. வருடங்கள் போயின. காலையும் மாலையும் வாளி ஏறி இறங்கியது. பழங்களை அயலுக்குக் கொடுத்தார். அவர் ஒன்றைத் தின்று நான் கண்டதில்லை.

செத்தவீட்டுக்குப் பூரணம் வந்தாள். அழவில்லை. நாங்கள் சுடலையால் திரும்பியபோது வளவின் பின்பக்கம் நின்றாள். தண்ணீர் காணாத செடிகள் தலை சாய்ந்திருந்தன. கயிற்றைப் பிடித்து வாளியை ஏற்றினாள்.

"எவ்வளவுக்கு விடவேணும், அண்ணை?"

"மேல்கல்லு நனையப்படாது. அதுக்கு முன்னம் இறக்கவேணும்."

பார்த்துக்கொண்டு நின்று இறக்கினாள். தண்ணீர் வாளிக்குள் திரும்பி வந்தது.

"இதைத்தான் ஒவ்வொரு நாளும் செய்தவரோ?"

"ஓம்."

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்ததும் அவளை லோஞ்சில் ஏற்றிவிட்டேன். அவருடைய வினாகிரிப் போத்தலும் ஒரு பிடி ஆற்றுக் கல்லும் என்னிடம் இருக்கின்றன. வாளியைக் கயிற்றோடு அவள் கொண்டுபோனாள்.