வெளிவட்டத்தில் பன்னிரண்டு நட்டு

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். அதையும் ஒழுங்காகப் படிக்கவில்லை. ஆனால் புனே பக்கம் கசார்வாடியில் மூன்று லேத்தும் ஒரு பிரஸ்ஸும் என் பெயரில் ஓடுகின்றன. ஆகுர்டியிலிருந்து பெரிய கம்பெனி இன்ஜினியர்கள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து, "காகா, யே பனேகா கியா?", இதைச் செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். செய்ய முடியாது என்று ஒருவரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. இப்போது பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் பழைய ராணுவ வண்டிகளை வாங்கி ஓடவைக்கிறேன். இதுவரை நான்கு வண்டி: இரண்டு ஜீப், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு லாரி. புனேயில் இதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் பலர் உண்டு. அவர்கள் மெக்கானிக் வைத்துச் செய்கிறார்கள். நான் என் கையால் செய்கிறேன். இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

இங்கே எழுதுவது அந்த லாரியைப் பற்றி. அதன் முன்சக்கரம் ஒன்று என் மாப்பிள்ளையைக் கொல்லப் பார்த்தது. சக்கரம் என்று எழுதிவிட்டேன். நான் என்றுதான் எழுத வேண்டும்.

லாரி இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடியது. சாஸ்வட் பக்கம் ஒரு கல்குவாரியில் தண்ணீர் டேங்கைச் சுமந்துகொண்டு, ஓடாமல் நின்றது. குவாரிக்காரர் எடைக்குப் போடத் தயாராக இருந்தார். நான் எடுத்துவந்து இரண்டு வருஷம் உழைத்தேன். கியர்பெட்டியில் கிடைக்காத பல்சக்கரங்களை என் லேத்திலேயே வெட்டினேன். உடம்பில் ஏழு பூச்சு பெயிண்ட் இருந்தது. ஒவ்வொன்றாகச் சுரண்டி, ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு மூலையில் முதல் பச்சையைக் கண்டுபிடித்தேன். அந்தத் துணுக்கைக் கையில் வைத்துக்கொண்டு பெயிண்ட் கடையில் அரைநாள் நின்று, அச்சு அசலாக அதே பச்சையைக் கலக்கி வாங்கினேன். வெள்ளைக்காரனே வந்து பார்த்தாலும் நேற்று வெளியே வந்த வண்டி என்பான்.

அப்படிச் சுரண்டும்போது சக்கரத்தில் சிவப்பு வந்தது.

அந்தக் காலத்து ராணுவச் சக்கரம் ஒரே துண்டு கிடையாது. இரண்டு பாதிகளை முகத்தோடு முகம் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். டயர் இரண்டுக்கும் நடுவில் உட்காரும். நட்டுகள் இரண்டு வட்டமாக இருக்கும். உள்வட்டத்தில் இருப்பவை சக்கரத்தை வண்டியோடு பிடிக்கின்றன. சக்கரம் மாற்ற அவற்றைத்தான் கழற்ற வேண்டும். வெளிவட்டத்தில் பன்னிரண்டு. அவை இரண்டு பாதிகளையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கின்றன. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைக் கழற்றினால், வெளிப்பாதி பீரங்கிக் குண்டு மாதிரி பாயும். எதிரே உட்கார்ந்திருப்பவனின் முகம் மிஞ்சாது. அதனால்தான் வெளிவட்டத்து நட்டுகளுக்கு மட்டும் சிவப்பு அடித்து வைத்தார்கள்.

இதை எனக்கு விளக்கியவர் ஹவில்தார். ராணுவ ஒர்க்ஷாப்பில் முழு சர்வீஸும் முடித்துவிட்டு கட்கியில் தங்கிவிட்டவர். எங்கள் வேலூர்ப் பக்கத்து ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எனக்குக் கைகொடுப்பார்.

பெயிண்ட் அடித்து முடித்து வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை. சக்கரத்தில் மட்டும் சிவப்புப் புள்ளிகள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்குதுய்யா" என்று பக்கத்தில் நின்ற ஹவில்தாரிடம் சொன்னேன்.

"அது அழகுக்கு வெச்ச பொட்டு இல்லண்ணே. தொட்டா செத்தேன்னு போட்ட போர்டு."

"என் வண்டிய என்னத் தவிர எவன் தொடப்போறான்?"

"வண்டி உங்களுதுதான். சாவு யாருதுன்னு எழுதி வெச்சிருக்குதா?"

நான் அவர் எதிரிலேயே பிரஷ்ஷை எடுத்தேன். நான்கு சக்கரம், ஸ்பேர் ஒன்று, அறுபது நட்டு. எல்லாவற்றுக்கும் பச்சை. அவர் கைதுடைக்கும் துணியை மடித்து வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. லாரி படம் போனுக்குப் போன் பறந்தது. சக்கரத்தைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

என் மகளும் மாப்பிள்ளையும் கோந்த்வாவில் ஒரு சொசைட்டியில், அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை கோயமுத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தங்கமான பையன். ஆனால் அவர் வீட்டில் ஒரு ஆணி அடிக்கவும் ஆள் வர வேண்டும். குடியரசு தினத்துக்கு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதன் பக்கத்தில் கொடி ஏற்றலாம் என்று சொசைட்டி சேர்மன் கேட்டார். இரண்டு நாள் முன்னதாகவே ஓட்டிப்போனேன். கீழே நாற்பது பேர் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு பாகமாகக் காட்டி, எதை எப்படிச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளை பானட்டைத் திறக்கக் கை நீட்டினார்.

"உங்க கை கம்ப்யூட்டர் கை மாப்பிள்ளை. இதுக்கெல்லாம் ஆகாது. வேடிக்கை மட்டும் பாருங்க" என்றேன். எல்லோரும் புரியட்டும் என்று இந்தியிலும் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். பட்டறையில் இருந்தேன். மாப்பிள்ளையிடமிருந்து வீடியோ கால். போனை டூல் பெட்டிமேல் சாய்த்து வைத்திருக்கிறார் போல. லாரியின் முன்சக்கரத்துக்கு எதிரே குந்தியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, கன்னத்தில் கிரீஸ்.

"மாமா, பாருங்க! ஒரு சக்கரத்துல காத்து கொஞ்சம் எறங்கியிருந்துச்சுங்க. நீங்க வர்றதுக்குள்ள ஸ்பேர் மாத்திடலாம்னு ஆரம்பிச்சுட்டேன். கம்ப்யூட்டர் கைன்னு சொன்னீங்கல்ல?"

"எந்த நட்ட கழட்டுனீங்க?"

"உள்ள இருக்கறது அசையவே இல்லீங்க மாமா. சரி, வெளிய இருக்கறத எடுத்தாத்தான் அது வரும்போலன்னு எடுத்தேன். சுலபமா வந்துருச்சு. ஏழு முடிஞ்சுது, இது எட்டு."

ஸ்பேனரில் இரும்புக் குழாய் மாட்டி உள்வட்டத்தை முறுக்கியவன் நான். வெளிவட்டத்துக்கு கிரீஸ் போட்டு வழவழவென்று வைத்தவனும் நான்தான். ஸ்பேனர் எட்டாவது நட்டில் மாட்டியிருந்தது. அவர் கை ஸ்பேனரில் இருந்தது. முகம் சக்கரத்திலிருந்து ஒரு முழ தூரம்கூட இல்லை. கழற்றிய பக்கத்தில் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. எட்டணாக் காசு நுழையும் இடைவெளி.

கத்தினால் பயந்து ஸ்பேனரை இழுத்துவிடுவார். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"மாப்பிள்ளை, நான் சொல்றத மட்டும் செய்யுங்க. ஸ்பேனர எடுக்காதீங்க. அது அங்கயே இருக்கட்டும். கைய மட்டும் மெதுவா எடுங்க."

"ஏனுங்க மாமா?"

"கைய எடுங்க."

எடுத்தார்.

"இப்ப எந்திரிக்காதீங்க. குந்துன மாதிரியே வண்டியோட பின்பக்கமா நகருங்க. சக்கரத்துக்கு நேரா வராதீங்க. போன் கிடக்கட்டும், உட்டுடுங்க."

படத்திலிருந்து அவர் நகர்ந்து போனார். பிறகு நான் பார்த்ததெல்லாம் அந்தச் சக்கரமும், தொங்கிக்கொண்டிருந்த ஸ்பேனரும்தான். மகளின் எண்ணுக்கு அடித்தேன். அந்தச் சக்கரத்துக்கு எதிரே முப்பது அடிக்குள் ஒரு உயிர் இருக்கக் கூடாது என்றேன். எதிரே மேடை போட்டு, மறுநாள் பாட்டுக்குப் பெண்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேர்மன், "டயர் ஹீ தோ ஹை!" என்று சிரித்தாராம். வெறும் டயர்தானே என்று. மாப்பிள்ளை அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார் என்று மகள் பின்னால் சொன்னாள்.

நான் காரை எடுத்தேன். ஓட்டிக்கொண்டே ஹவில்தாருக்கு அடித்தேன். இரண்டு மாதம் கழித்து முதல் பேச்சு.

"வெளிவட்டம் ஏழு நட்டு எடுத்துட்டாங்கய்யா. காத்தோட."

"யாருக்காவது ஏதாவது?"

"இல்ல. இன்னும் இல்ல."

"திரும்பி முறுக்கச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. மிச்சம் அஞ்சும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், ஸ்பேனர் பட்டாலே போயிடும். பஜார் முனைல நிக்கறேன், வாங்க."

கட்கியில் ஏறிக்கொண்டார். கசார்வாடியிலிருந்து கோந்த்வா ஊரின் இன்னொரு கோடி. நடுவில் கேம்ப் பகுதியில் சிக்னலுக்குச் சிக்னல் நின்றோம். வெயில் ஏற ஏற டயருக்குள் காற்று விரியும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒருமுறைதான் வாயைத் திறந்தார். "வெயில் எந்தப் பக்கம் விழும் அங்க?" என்று கேட்டார். சக்கரத்தின்மேல்தான் விழும் என்றேன்.

போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் கயிறு கட்டி ஆட்களை மறித்திருந்தார். கறுப்புக் கோடு வீடியோவில் பார்த்ததைவிட அகலமாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றியதா, உண்மையிலேயே அகன்றதா என்று இன்றுவரை தெரியாது.

வழி ஒன்றுதான். பக்கவாட்டிலிருந்து கையை மட்டும் நீட்டி வால்வின் பின்னைக் கழற்றிக் காற்றை இறக்க வேண்டும். ஹவில்தார் சட்டைக் கையை மடித்தார்.

"தள்ளு. நான் போறேன்" என்றேன்.

"எழுபது வயசுல தரையில படுக்க வருமா அண்ணே? பிரஷ் பிடிக்கறது வேற, இது வேற."

"பெயிண்ட் அடிச்சவன் நான்."

அவர் வால்வு சாவியை என் கையில் வைத்தார். "தலை டயருக்குப் பின்னாலயே இருக்கணும். கால்வாசி திருகு, நிறுத்தணும். மறுபடி கால் திருகு. நான் காலப் பிடிச்சா அப்படியே கைய விட்டுட்டுப் பின்னால வாங்க."

பின்பக்கமாகப் படுத்து ஊர்ந்தேன். கன்னம் சிமெண்ட் தரையில். மூக்குக்கு எதிரே டயரின் கட்டைகள். வலது கையை டயரைச் சுற்றி முன்பக்கம் நீட்டினேன். கண்ணுக்குத் தெரியாத வால்வை விரலால் தடவித் தேடினேன். முதலில் விரல் பட்டது ஸ்பேனரில். அது லேசாக ஆடியது. என் பின்னால் ஹவில்தார் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. ஆயிரக்கணக்கான மணிநேரம் மெஷினில் நின்ற கை இது. அன்றைக்கு வால்வு எந்தப் பக்கம் என்றே அதற்குத் தெரியவில்லை. மறைக்காமல் எழுதுகிறேன்.

வால்வு கிடைத்தது. கால் திருகு. ஒன்றுமில்லை. மறுபடி கால் திருகு. சீறல் ஆரம்பித்தது. ஊசி நுனி அளவுச் சத்தம். அப்படியே விட்டுக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முழங்கை மரத்துவிட்டது. திடீரென்று உள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். ஹவில்தார் என் கணுக்காலைப் பிடித்தார். பிடித்தவர் இழுக்கவில்லை.

"ஒண்ணுமில்ல. பாதி ரெண்டும் சேருது. நல்லதுதான். இருங்க."

சீறல் மெலிந்து, மெலிந்து, நின்றது. டயர் தளர்ந்து தொய்ந்தது. ஹவில்தார் எழுந்து போய், சக்கரத்துக்கு நேரே நின்று, ஸ்பேனரைக் கழற்றிக் கீழே வைத்தார். அப்போதுதான் நான் எழுந்தேன்.

கூட்டம் நெருங்கியது. சேர்மன், "பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை" என்றார். மகள் தன் புருஷனிடம் திரும்பினாள்.

"தெரியாத வேலையில ஏன் கை வெச்சீங்க? அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"தப்புதான். சாரிங்க மாமா. எனக்கு வித்தியாசமே தெரியலீங்க" என்றார் மாப்பிள்ளை. கன்னத்து கிரீஸைக்கூடத் துடைக்கவில்லை.

அப்படியே விட்டிருக்கலாம். எல்லோரும் என்னை மாப்பிள்ளையைக் காப்பாற்றியவனாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹவில்தார் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கை துடைத்தார். அவர் சொல்ல மாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"வித்தியாசம் இருந்துது மாப்பிள்ளை" என்றேன். "வெளிவட்டம் சிவப்பா இருந்துது. தொடக்கூடாதுன்னு அடிச்சது. நான்தான் பச்சை அடிச்சு மறைச்சேன்." பிறகு அதையே இந்தியில் சேர்மனுக்கும் மற்றவர்களுக்கும் சொன்னேன். மாப்பிள்ளையைக் கேலி பண்ணியதை இந்தியில் சொல்லத் தெரிந்தவன் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகள் கேட்டாள். "தெரிஞ்சேவா ப்பா?"

"தெரிஞ்சுதான். இவரு சொன்னாரு. நான் கேக்கல."

அவள் திரும்பி மாடிக்குப் போனாள். மாப்பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டார்.

"எட்டாவதையும் எடுத்திருந்தா மாமா?"

"எட்டு வரைக்கும் வேணாம். ஏழுலயே போயிருக்கணும். ஏன் போகலன்னு எனக்குத் தெரியல."

"நாளைக்குக் கொடி ஏத்தறப்ப இந்த வண்டி இங்க இருக்க வேண்டாமுங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"சரிங்க" என்றேன்.

நானும் ஹவில்தாரும் உள்வட்டத்தைக் குழாய் போட்டுக் கழற்றி, ஸ்பேரை மாட்டினோம். மகள் மேலிருந்து இரண்டு பேருக்கும் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். அவள் இறங்கி வரவில்லை. வண்டிக்குப் பின்னால் நின்றபடியே சாப்பிட்டோம். பிறகு நான் லாரியை எடுத்தேன், ஹவில்தார் பின்னால் காரில் வந்தார். வழியில் சிக்னலில் பைக்கில் வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டி, எந்த வருஷத்து வண்டி, யார் செய்தது என்று கேட்டார்கள். நான் முன்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.