கண்ணில்லாத எறால்

பென்னாகரத்தில் எங்கள் கிணற்றைத் தூர் வார வருபவர், மண்வெட்டி போடும் முன் ஒவ்வொரு பாறைப் பொந்திலும் கையை விட்டுத் துழாவுவார். அன்று நரைத்த புருவமெல்லாம் சேறாக, ஒரு தண்ணீர் பாட்டிலோடு மேலேறி வந்தார்.

"பொந்துல இருந்துச்சுங்க. எறாலுங்க, கண்ணே இல்ல பாருங்க."

பாட்டிலுக்குள் அது கண்ணாடிபோல் நிறமின்றி இருந்தது. வயிற்றடியில் முட்டைகள், பத்துகூட இராது.

"இவ்ளோதானா? ஆத்து எறால் ஆயிரக்கணக்குல போடுதே!"

"இருட்டுல தீனி கம்மிங்க. கொஞ்சமா, பெருசா போட்டு, பொரியற வரைக்கும் வயித்துலயே சொமக்குதுங்க."

"சரி, மேலிருந்தே ஊத்திடுங்க. கண்ணில்லாததுக்கு எந்த இடமா இருந்தா என்ன?"

"கண்ணிருந்தா தேடிப் போயிக்கும்ங்க. இதுக்குப் பழகின பொந்துதானுங்க வூடு."

மறுபடி அத்தனை படியும் இறங்கினார். இப்போதும் கிணற்று மோட்டார் சுவிட்சில் கை வைக்கும்போது யோசிக்கிறேன்: பொரிந்திருக்குமா?