சலோமி அம்மாள் மறித்த ஜீப்புகள்

செவ்வாய்க்கிழமை காலை, தேவாலயத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்கும் ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலேயே சொன்னார்: "உபதேசியாரே, அந்த நொண்டியம்மா ஆஸ்பத்திரியில முடிஞ்சுபோச்சாம். ஒங்க ஆளுதான? வந்து தூக்கிக்கிருங்க." பெடலை மிதித்தவர் திரும்பிப் பார்த்து, "இனி ஜீப்பு வெரசா மேல போகும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சிலமலை சலோமி அம்மாள் மறைந்த செய்தி எனக்கு வந்த விதம் இதுதான். இதை மெருகேற்றி எழுத மனம் ஒப்பவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் அவரைப் பற்றிப் பேசினார்கள். இனி எழுதுவது, அவரைத் தெரியாதவர்களுக்கும் சேர்த்து.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஏலக்காய் எடுப்புக் காலம். அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. விடியுமுன் போடிக்கு வந்து, போடிமெட்டுக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போகும் பெண்களில் அவரும் ஒருவர். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் அன்று பதினைந்து பெண்கள். கொண்டை ஊசி வளைவொன்றில் ஏற முடியாமல் வண்டி பின்னுக்கு உருண்டு பள்ளத்தில் விழுந்தது. ஓட்டுநர் குதித்துத் தப்பினார். உள்ளே இருந்தவர்களில் உயிரோடு மீண்டவர் சலோமி மட்டுமே. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "அடியில கிடந்தவங்க உடம்பு மெத்தை மாதிரி தாங்கியிருக்கு. அதனாலதான் இந்தப் பொண்ணு பொழைச்சது."

நான் அதை வேறு மாதிரி சொன்னேன். எங்கள் சபையில் நான் உபதேசியார். சாட்சி சொல்ல ஆள் தேடுவதும் என் ஊழியம். ஊன்றுகோலோடு அவர் நடக்கத் தொடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நிறுத்தி, என் கையால் எழுதிய தாளை வாசிக்க வைத்தேன். "மற்ற எல்லாரும் மடிந்தபோது, ஒரு நோக்கத்துக்காகக் கர்த்தர் என்னை மட்டும் காத்தார்." எழுத்துக்கூட்டி வாசித்தார். சபையார் அல்லேலூயா என்றார்கள்.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்ததை அதன் பிறகுதான் கவனித்தோம். சிலமலைப் பேச்சியம்மாள். அவருடைய பதினேழு வயது மகள்தான் அந்தப் பள்ளத்தில் சலோமிக்கு அடியில் கிடந்தவள். பேச்சியம்மாள் உள்ளே வரவில்லை. அங்கிருந்தே கேட்டார்:

"எம் மக மேல விழுந்து பொழச்சவ நீ. அவளக் கொன்னுட்டு ஒன்னைய எதுக்குடி வச்சிருக்கு ஒங்க சாமி? தெரிஞ்சா வந்து சொல்லு."

அன்று மாலை சலோமி என் வீட்டுக்கு வந்தார். "என்ன நோக்கம், உபதேசியாரே? நீங்கதான எழுதிக் குடுத்தீக."

"காத்திரும்மா. கர்த்தர் வெளிப்படுத்துவார்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவர் மூன்று வருடம் காத்திருந்தார். ஞாயிறு பள்ளியில் கதை சொன்னார். பிள்ளைகள் அவர் பின்னால் நொண்டிக் காட்டிச் சிரித்தன. தையல் பழகினார், கை கூடவில்லை. ஜெபத்தில் தமக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று என்னிடம் சொன்னார். விசுவாசக் குறைவு என்று கண்டித்தேன்.

பிறகு ஒருநாள் விடியலில், மலைச்சாலை தொடங்கும் முந்தலுக்குப் போய், நடுரோட்டில் நின்று, வந்த ஜீப்பை நோக்கிக் கையைத் தூக்கினார். உள்ளே தலைகளை எண்ணினார். "எட்டுப் பேரு போதும். மத்தவுக எறங்குங்க."

இறங்கச் சொன்னவரை ஓட்டுநர் திட்டியது எதிர்பார்த்ததே. அதிகமாகத் திட்டியவர்கள் உள்ளே இருந்த பெண்கள். "எறங்குனா எங்க வீட்டு ஒலைக்கு நீ அரிசி போடுவியா? விடியக்காலையில நொண்டி மூஞ்சி! மலையேறுனாப்புலதான்!" ஒருத்தி வெற்றிலை எச்சிலை அவர் சேலையில் துப்பினாள். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும். அவர் மறித்து இறக்கிய பெண்களில் அவருடைய அண்ணன் மனைவியும் ஒருத்தி. அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. சலோமியின் பெட்டியை அண்ணன் தெருவில் வைத்தார். ஆலயத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறையை, ஐயர் என்று நாங்கள் அழைக்கும் சபைப் போதகர் அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

அவரை மீறிப் போன ஜீப்புகள் எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. ஜீப்பு கவிழாத ஒவ்வொரு சாயங்காலமும் ஊர் முன்னால் அவர் தோற்றுக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் பேச்சியம்மாளிடம் பதில் சொல்லப் போனார். நானும் உடன் போனேன். பேச்சியம்மாள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, எதுக்குன்னு கேட்டீகள்ல? ஜீப்புல ஆளு அடைக்கிறதத் தடுக்கத்தான்னு நெனைக்கேன்."

பேச்சியம்மாள் நிமிரவில்லை. "ஒனக்கு ஒரு சோலி குடுக்கவா எம் மகள அடியில போட்டாரு ஒங்க ஆண்டவரு?"

திரும்பும் வழியில் சலோமி ஊன்றுகோலைப் புழுதியில் ஊன்றி நின்றார். பிறகு, "அவுக கேக்குறது சரிதான். அதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல" என்றார்.

"அப்படியானால் விட்டுவிடேன்" என்றேன்.

"எங்கிட்டப் பதில் இல்லேன்னா நாளைக்கு ஜீப்பு வராதா, உபதேசியாரே?"

மறுநாள் விடியலிலும் அவர் முந்தலில் நின்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் காய்ச்சலில் படுத்த நான்கு நாட்களில் ஒருநாள், ஒரு ஜீப்பு கவிழ்ந்தது. மூன்று பெண்கள் இறந்தார்கள். அவர் சொன்னது பலித்தது என்று யாரும் சொல்லவில்லை. அவர் விட்ட சாபம் பலித்தது என்றார்கள். சாமான் அறைக் கூரையில் கல் விழுந்தது. சபையிலேயே சிலர், அவரை வெளியே அனுப்பிவிடலாம் என்று என்னிடம் வந்து சொன்னார்கள். நான் அவர்களை மறுத்துப் பேசவில்லை. ஐயர் மறுத்ததால்தான் அவர் அங்கே இருந்தார்.

காய்ச்சல் தணியுமுன்னே ஊன்றுகோலை எடுத்தவரிடம் கேட்டேன்: "இதுதான் கர்த்தர் கொடுத்த நோக்கம் என்று நிச்சயமா, சலோமி?"

"நிச்சயமெல்லாம் இல்ல. காலையில முழிச்சதும் அந்த வண்டிக்குள்ள மூச்சு முட்டுற சத்தம் கேக்கும். அது அவர் சத்தமான்னு தெரியாது. வேற சத்தம் எனக்கு வரல."

அதன் பிறகும் பல வருடம் அவர் ஜீப்புகளை மறித்தார். போன மாதம், மழை தூறிய ஒரு விடியலில், பின்னுக்கு எடுத்த ஜீப்பு ஒன்று அவரை இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. முப்பது பேர் நின்ற இடம் அது. வண்டி நம்பரை ஒருவரும் பார்க்கவில்லையாம். பதினெட்டு நாள் கிடந்து இறந்தார். அண்ணன் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஐயர், நான், குழி வெட்டியவர்கள் இருவர்.

மறுநாள் விடியலில் நான் முந்தலுக்குப் போனேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜீப்பு வந்தது. எண்ணினேன், பதினேழு பேர். கதவோரம் தொற்றியிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "என்னய்யா, ஏறணுமா? எடமில்லையே" என்றாள்.

"இல்லம்மா" என்று ஓரமாக ஒதுங்கினேன். வண்டி ஏறிப் போயிற்று. அன்று மாலை எல்லாரும் பத்திரமாகத் திரும்பினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சலோமி அம்மா, அந்தத் தாளை உங்கள் கையில் கொடுத்தவன் எழுதுகிறேன். இளைப்பாறுங்கள். விடிந்தாலும் எழ வேண்டாம்.