மாப்பிள்ளை அனுப்பிய சாம்பிள்

என் மகள்வயிற்றுப் பேத்திக்கு ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்க உதவித்தொகை கிடைத்தது. விமானம், பள்ளி, கைச்செலவு எல்லாம் கொடுக்கிறவர்கள் பொறுப்பு. விதிகளைப் படித்துக் கையெழுத்திடுவது மட்டும் நம் பொறுப்பு. கையெழுத்தை மாப்பிள்ளை போட்டார். படிப்பது என் தலையில் விழுந்தது. கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன தெரியும்?

தங்கவைக்கும் குடும்பத்திடம் பெற்றோர் வியாபாரம் பேசக் கூடாது. பேசினால் பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். தெளிவாகவே எழுதியிருந்தது. வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்தபடி தலையாட்டினார்.

வீடு நன்றாக அமைந்துவிட்டது. அங்கே அவள் வயதிலேயே ஒரு பெண். இருவருக்கும் ஒரே அறை, ஒரே பள்ளி. ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள், "எனக்குக் கூடப் பொறந்தவ கெடச்சுட்டாளுங்க அப்புச்சி" என்று போனில் கத்தினாள். அதே பேச்சில், வீட்டுக்காரர் துணிக்கடைக் கிடங்கில் வேலை பார்க்கிறார் என்றும் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு அவிநாசிபாளையம் பக்கம் ஒரு சின்ன யூனிட். பெரிய கம்பெனிக்காரர்கள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். வெளிநாட்டு ஆர்டர் நேரடியாக வாங்கிவிட்டால் ஜென்மம் சாபல்யம். கிடங்கில் பெட்டி அடுக்குகிற அந்த மனிதர் அன்று முதல் எங்கள் குடும்பத்தில் ஆர்டர் கொடுக்கும் 'பையர்' ஆனார்.

"ஒரு பெட்டி கொழந்தைக பனியன் அனுப்பியிருக்கறனுங்க மாமா. அன்பளிப்புத்தானுங்க."

"அன்பளிப்புப் பெட்டிக்குள்ள ரேட்டுச் சீட்டு எதுக்குங்க மாப்ள?"

"கேட்டாச் சொல்லோணுமில்லீங்க. சாம்பிள் குடுக்கறது குத்தமுங்களா?"

மாமனார் மாப்பிள்ளையை அதட்டும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. விதியை மறுபடி சொன்னேன். "கவர்மெண்டுல இருந்தவங்களுக்கு எல்லாமே ரூல்ஸு" என்று என் மகளிடம் சொல்லிச் சிரித்தார்.

அந்த மனிதர் நன்றி என்று ஒரு வரி எழுதினார். அது நாகரிகம். மாப்பிள்ளை அதை ஆர்வம் என்று படித்தார். தினமும் ஒரு குட்மார்னிங், அதன்கீழ் 'எனி அப்டேட் சார்?' பதில் நின்றதும் பேத்தியை அழைத்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அவருகிட்ட நீயே அவிங்க பாசைல எடுத்துச் சொல்லு."

"வேண்டாங்ப்பா. எல்லாரும் சாப்டுட்டு இருக்கறாங்க."

"ரெண்டே நிமிசங் கண்ணு. டெலிவரிக்கு அப்பா கேரண்டின்னு சொல்லு."

சொன்னாள். அந்தக் குடும்பம் உதவித்தொகை கொடுத்த அமைப்புக்குத் தெரிவித்தது. சில நாளில் பேத்தி வேறு ஊரில், வேறு வீட்டில், வேறு பள்ளியில் இருந்தாள். மறுபரிசீலனை கோரி எழுதினேன். நான் வாசித்துக் காட்டிய அதே விதியைப் பதிலாக அனுப்பினார்கள். அவர்கள் நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் அனுப்பியிருப்பேன்.

மாப்பிள்ளைக்கும் வருத்தம் உண்டு. "துணி கனம் பத்தலையோ என்னமோங்க மாமா" என்றார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள். குளிர் அதிகம், பரீட்சை பரவாயில்லை, அவ்வளவுதான்.

"புது ஊட்டுல அவிங்க என்ன தொழில் கண்ணு?" என்றார் மாப்பிள்ளை.

"தெரியலீங்ப்பா."

ஒரே மேசையில் தினமும் சாப்பிடுகிறவளுக்குத் தெரியவில்லை. படம் கேட்டால் ஜன்னலுக்கு வெளியே கொட்டும் பனியை அனுப்புகிறாள்.

மாப்பிள்ளை யூனிட்டுக்குப் போன நேரம் பார்த்து நான் தனியாக அழைத்தேன். "நல்லாப் பாத்துக்கறாங்களா சாமி? ஊட்டுல ஆரு ஆரு இருக்கறாங்க?"

"அப்பா கேக்கச் சொன்னாங்களா அப்புச்சி?" என்றாள்.