இருக்கலாம் மேடம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'இருக்கலாம் மேடம்'. முதுகுக்குப் பின்னால் தொடங்கி, பிறகு முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிப்போனாள்.

மற்றவர்கள் எழுதும் புரோகிராம்களை ஓட்டிப் பார்க்காமலேயே சோதிக்கும் கருவி ஒன்றைக் கட்டுவது அவள் வேலை. அந்த நிறுவனத்தில் எழுதுவதெல்லாம் விதிகள்: இன்னது இருந்தால், இன்னது இல்லாவிட்டால், இதைச் செய். அதற்குள் நுழையப்போகும் மனிதர்கள் எத்தனை விதம் என்று யாராலும் எண்ணி மாளாது. அதனால் அவள் கருவி ஆளை விட்டுவிட்டு அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆள் யார் என்று 'நிச்சயம் தெரியும்' என்பது ஓர் அடையாளம், 'தெரியாமலும் இருக்கலாம்' என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் விதி விதியாகத் தள்ளிக்கொண்டு, இனி எதுவும் மாறாது என்கிறவரை சுற்றிச் சுற்றி வரும். அது 'பயமில்லை' என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். 'இருக்கலாம்' என்றால் தப்பு இருந்தாலும் இருக்கும், வெறும் சந்தேகமாகவும் போகும். இந்த இரண்டாவதுதான் யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களுக்கு நர்ஸ் அனுப்பும் புரோகிராம் வந்தபோது, கருவி பக்கம் பக்கமாக எச்சரிக்கை கக்கியது.

"இதுல எதும்மா நெஜம்?" என்றார் மேலாளர்.

"எது வேணா இருக்கலாம் சார். ஒவ்வொண்ணா பாக்கணும்."

"பாத்தீங்களே. என்ன கிடைச்சுது?"

ஒரு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து பார்த்ததில், தொட்டதெல்லாம் வெறும் சந்தேகமாகவே போயிருந்தது. மீதி அப்படியே கிடந்தது.

"ஆள் தெரியாம இருக்கலாம்னு வர்ற எச்சரிக்கை மொத்தத்தையும் வாயடைச்சிடுங்க. பொறுப்பு என்னுது," என்றார் அவர்.

பொறுப்பு யாருடையதாக இருந்தாலும் கை அவளுடையது. கேலி கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருந்தாள். தன் கருவியே தன்னை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கிறது என்ற எரிச்சல் வேறு. ஒரே ஒரு வரி எழுதினாள். எச்சரிக்கைகள் அடங்கின. அன்றைக்கு முதல்முறையாக எல்லாரும் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவளும் சந்தோஷமாகப் போனாள்.

சில மாதம் கழித்து அவள் அக்காவுக்குப் பாதத்தில் அறுவை சிகிச்சை. சர்க்கரை வியாதிக்காரி, கல்யாணம் செய்துகொள்ளாமல் மூன்றாவது மாடியில் தனியாக இருப்பவள். வீடு திரும்பிய அன்று தங்கைதான் தைரியம் சொன்னாள்: "புண்ணுக்குக் கட்டு மாத்த நர்ஸ் வருவாங்க. எங்க ஆபீஸ் புரோகிராம்தான்க்கா. கவலைய விடு."

நர்ஸ் வரவில்லை. தங்கை போன் போட்டுக் கேட்டாள். "அவங்களப் பாத்துக்க வீட்ல ஆள் இருக்காங்கன்னு கம்ப்யூட்டர் காட்டுது மேடம்," என்றாள் அந்தப் பக்கத்துப் பெண்.

தங்கைக்குச் சுரீரென்றது. நேராக அக்கா வீட்டுக்குப் போனாள்.

"பாத்துக்க நான் இருக்கேன்னு எழுதிக் குடுத்தியா?"

அக்கா படுத்தபடியே அவளைப் பார்த்தாள். "நீ எங்க இருந்த, எழுதிக் குடுக்கறதுக்கு?"

"பின்ன கம்ப்யூட்டர் தானாவா சொல்லும்?"

"நான் யார் பேரையும் குடுக்கல. நம்பினா நம்பு, நம்பாட்டி போ."

வார்த்தை தடித்தது. பத்து வருஷத்துக்கு முந்தின மனஸ்தாபமெல்லாம் வெளியே வந்தது. தங்கை கதவை அறைந்து சாத்திவிட்டுப் படியிறங்கினாள். அதன்பின் இருவரும் போனை எடுக்கவில்லை. அக்கா எட்டாத காலை இழுத்து இழுத்துத் தானே கட்டு மாற்றிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி நாற்றம் தாங்காமல் எட்டிப் பார்த்து ஆம்புலன்ஸை அழைத்தபோது புண் கணுக்கால்வரை கறுத்திருந்தது. பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அலுவலகம் போனாள் தங்கை. தான் எழுதிய அந்த வரியை அழித்துவிட்டுக் கருவியை ஓடவிட்டாள். பார்க்காமல் விட்ட எச்சரிக்கைகளில் ஒன்று, நர்ஸ் வேண்டுமா என்று முடிவுசெய்யும் விதியைக் காட்டியது. அக்காவைப் போல, சின்ன ஆஸ்பத்திரிகள் தொலைபேசியில் சொல்லிப் பதியும் நோயாளிகளுக்கு, இன்னார் என்று காட்டும் எண் பின்னால்தான் சேரும். அதற்கு முன்பே விதி கேட்டுவிடுகிறது. யாருக்கு என்று தெரியாமல் 'பார்த்துக்கொள்ள ஆள் உண்டா' என்று கேட்டால், எவர் வீட்டிலோ எவரோ ஒருவர் இருந்தாலே 'உண்டு' என்றுதான் பதில் வரும். அக்காவின் வீட்டில் ஆளில்லை என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே வரவில்லை.

மேலாளர் படித்துப் பார்த்தார். விதிகளின் வரிசையை மாற்றச் சொன்னார். பத்து நிமிஷ வேலை. வெளியே போன அறிவிப்பில் 'சேவை மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று மட்டும் இருந்தது.

"போன்ல பதிஞ்ச மத்தவங்களுக்கும் சொல்லணும் சார்."

"அதையெல்லாம் வக்கீலுங்க பாத்துப்பாங்க. நீங்க வீட்ல போய் அக்காவப் பாருங்க."

அக்காவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். எச்சரிக்கை வந்தது, தானே வாயடைத்தது, விதி தப்பாகக் கேட்டது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புரோகிராம் தப்பு பண்ணும். அது எனக்குப் பெரிசில்ல," என்றாள் கடைசியில். "அது சொன்னத நம்பின. நான் சொன்னத நம்பல."

தங்கை லீவு போட்டுவிட்டு அங்கேயே தங்கினாள். கட்டு மாற்றினாள், தோள் கொடுத்துக் குளியலறைக்கு நடத்தினாள். அக்கா எதையும் தடுக்கவில்லை. எதற்கும் பேசவும் இல்லை. ஒரு நாள் காலை, திருத்திய விதிப்படி நர்ஸ் வந்து அழைப்புமணியை அடித்தாள். தங்கையின் கையிலிருந்த பஞ்சை வாங்கித் தட்டில் வைத்தாள் அக்கா.

"நீ ஆபீஸுக்குக் கிளம்பு," என்றாள். "என் வீட்டுச் சாவிய அங்க வச்சிட்டுப் போ."