மூட வராத கண்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பேய் என்றால் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நானும்.

பள்ளி பள்ளியாகப் போய், பிள்ளைகளுக்குத் தொழுநோய் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. தோலில் வெளிறிய திட்டு இருந்தால், கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் மெல்லத் தொட வேண்டும். தொட்ட இடத்தைப் பிள்ளை விரலால் காட்டினால் பெரும்பாலும் வெறும் தேமல். காட்டாவிட்டால் அது மரத்துப்போன இடம், தொழுநோயின் அடையாளம். கண் திறந்திருந்தால் பார்த்தே காட்டிவிடும். சூட்சுமம் அவ்வளவுதான்.

அன்று பட்டியலில் நாற்பத்தொரு பேர். மணி 2.50. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. 3.30 பஸ்ஸை விட்டால் நடைதான். கடைசிப் பையனுக்கு ஆறு வயது, முழங்காலில் ஒரு திட்டு. அவசரத்தில் கண்ணை மூடச் சொல்லாமலே தொட்டேன். டக்கென்று காட்டினான். 'தேமல்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

3.05. மழை பிடித்துக்கொண்டது. வகுப்பில் நான் மட்டும்.

சரக்... சரக்...

யாரோ ஒரு காலை இழுத்து நடக்கும் சத்தம். வாசலில் ஒரு சிறுமி. பத்து வயதிருக்கும். சீருடை மட்டும் வேறு நிறம். கன்னத்தில் பெரிய திட்டு. கையில் இரண்டு விரல்கள் மடங்கிக் கிடந்தன. மழையில் வந்தவள் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை.

"பட்டியல்ல நீ இல்லையேம்மா?"

"பாருங்க சார்."

பேனாவை எடுத்தேன். "கண்ண மூடு."

வலது கண் மூடியது.

இடது கண்... என்னையே பார்த்தது.

"ரெண்டையும் மூடும்மா."

"வரல சார். அன்னிக்கு நீங்க மூடச் சொல்லல. சொல்லியிருந்தா மூடியிருப்பேன்."

நோய் முற்றினால் இமை நரம்பும் செத்துவிடும், கண் மூட வராது; நான் ஓரடி பின்வாங்கினேன்.

"தம்பிய மூடச் சொல்லுங்க."

பேனா விழுந்தது. குனிந்து நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

3.09.

கொட்டும் மழையில் ஓடினேன். அந்தப் பையன் கேட்டருகே அம்மாவின் குடைக்குள் நின்றிருந்தான். கண்ணை மூடச் சொல்லித் தொட்டேன். காட்டவில்லை. மறுபடி தொட்டேன்.

"எப்ப சார் தொடுவீங்க?" என்றான்.

"இவனுக்கு அக்கா உண்டாம்மா?"

"இருந்தா சார். கால்ல ஆணி ஏறினதே அவளுக்குத் தெரியல. சீழ் புடிச்சு... போய் ரெண்டு வருஷமாச்சு."

பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். ஐந்து வருடத்துக்கு முன்பு, அவள் பெயருக்கு நேராக, என் கையெழுத்தில்: 'தேமல்.' அவளைக் கொன்றது ஆணி மட்டுமல்ல. இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஆறு மாதம் மாத்திரை கொடுத்தோம். பையன் குணமானான். கடைசி மாத்திரை கொடுத்த அன்று, என் காதருகே வந்தான்.

"சார், அக்கா இப்பல்லாம் தூங்குறா. ரெண்டு கண்ணையும் மூடிக்கிறா."

"எங்கடா?"

"என் பக்கத்துலதான்."