ஜுரு ரோட்டில் அறுந்த சங்கிலி

முருகனடியார்களே, மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என் மனைவி லட்சுமியையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் நான் இழக்க இருந்தேன். அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. குடும்பம் கடல் தாண்டிப் பினாங்குத் தீவில். காலை பத்து மணிக்கு மைத்துனனிடமிருந்து தந்தி: பிரசவம் கஷ்டம், உடனே வா. ஆஸ்பத்திரி என்றாலே லட்சுமிக்குப் பயம். நான் கூட்டிப் போனால்தான் போவாள். அடுத்த ரயில் சாயங்காலம்தான். சைக்கிளை எடுத்தேன்.

ஜுருவைத் தாண்டியதும் சங்கிலி அறுந்தது. பிறை படகுத்துறைக்கு இன்னும் ஐந்தாறு மைல். கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி எதுவும் இல்லை. தள்ளிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். கால் துவண்டுவிட்டது. ரோட்டோரம் உட்கார்ந்து, "தண்ணீர்மலையானே, என்னை வீடு சேர்த்துடப்பா, அவ தனியா தவிக்கிறா" என்று முருகனைக் கூப்பிட்டு வாய்விட்டு அழுதேன்.

சற்றுத் தள்ளி ரோட்டு வேலைக்குச் சல்லி உடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சுத்தியலோடு எழுந்து வந்தார். பெயர் அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"சங்கிலிய இப்படிக் கொடுங்க ஐயா. அழுதா அது ஒட்டுமா?"

பக்கத்தில் கிடந்த பலகைப் பெட்டியிலிருந்து ஆணி ஒன்றைப் பிடுங்கினார். அறுந்த கண்ணிகளைச் சேர்த்துக் கல்மேல் வைத்து நான் பிடிக்க, அவர் ஆணியை உள்ளே அடித்தார். முதல் ஆணி வளைந்துவிட்டது. முகம் சுளிக்காமல் இன்னொன்றைப் பிடுங்கினார். ஓர் அடிகூட என் விரலில் படவில்லை. அப்படி ஒரு கை!

கங்காணி கத்தினான். "அஞ்சலை, வேலையப் பாரு!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு பொம்பள அங்க வலியில கெடக்கா. இத முடிச்சுட்டு வர்றேன்."

ஆணி முனையைத் தட்டி மழுக்கினார். "உக்காந்தே மிதிங்க. நின்னு மிதிச்சா தெறிச்சுடும்."

சங்கிலி தாங்கியது. படகு கிடைத்தது. விளக்கு வைக்கும் முன்பே லட்சுமியை ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டேன். பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் குறையில்லை. "நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க" என்றார் நர்ஸம்மா.

அதற்கு முன் ஆறு வருஷமாக அந்த ரோட்டில் மணியடித்து, சல்லி உடைப்பவர்களை விலகச் சொல்லியே போயிருக்கிறேன். ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன், இறங்கிப் பேசுகிறேன்.

முப்பதாம் நாள் கழிந்ததும் மூவரும் அவரைத் தேடிப் போனோம். தூரத்திலேயே குழந்தையைப் பார்த்துவிட்டார். சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அக்கா, உங்க புண்ணியம்" என்றேன்.

"வீடு போய்ச் சேர்ந்தீங்களா இல்லையான்னு தினமும் முருகன்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேங்க ஐயா" என்றார். அவர் கண்ணில் நீர்.

கும்பிட்டவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, கூச்சப்படாமல் அவனைக் கூப்பிடுங்கள். யாரை அனுப்புவான் என்று நமக்குத் தெரியாது. யார் வந்தாலும் கும்பிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.